ஜெபிக்கிறவர்கள் என்று பெயர் பெற்றவர்கள்



எங்கள் வாலிபர் ஐக்கியத்தின் புதன்கிழமை ஜெபக்கூட்டம் பற்றி உங்களுக்குத் தெரியும். ஆரம்பித்தபோது இருபது பேருக்கு மேல் வந்தோம். பனிக்காலம் வந்தது, பரீட்சை வந்தது, வேலை நேரம் மாறியது. கடைசியாகக் கூடியபோது நான்கு பேர்தான். அந்த நால்வரில் ஒருவர் மெல்ல ஒரு கேள்வி கேட்டார்: "இரண்டு வருடமாக ஒரே காரியத்துக்காக ஜெபிக்கிறோம். ஒன்றும் நடக்கவில்லையே. இன்னும் எவ்வளவு காலம்?" அதற்கு எங்களில் யாரிடமும் உடனே சொல்லப் பதில் இருக்கவில்லை. அந்த இரவு அப்படியே கலைந்து போனோம்.

அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு சபை வரலாற்றைப் புரட்டியபோதுதான் மடகாஸ்கர் தீவின் கதைக்குள் போனோம். ரோமப் பேரரசின் நாட்களில் சிங்கங்களுக்கு முன் நின்றவர்களைப் பற்றி ஞாயிறு பாடசாலையில் கேட்டிருக்கிறோம். மடகாஸ்கரைப் பற்றி எங்களில் யாருக்கும் ஒன்றும் தெரியாது. ஆபிரிக்காவுக்குக் கிழக்கே இந்து சமுத்திரத்தில் இருக்கும் பெரிய தீவு அது. அங்குள்ள மக்களின் மொழி ஆபிரிக்க மொழி அல்ல, மலாய் மொழிக்கு உறவானது. மூன்று வேளையும் சோறு சாப்பிடுகிறவர்கள் என்று வாசித்ததும் எங்களுக்கு அவர்கள்மேல் ஒரு சொந்தம் வந்துவிட்டது.

அந்த மொழியில் கிறிஸ்தவர்களுக்கு வழங்கிய பெயர் "ம்பிவாவக்கா". ஜெபிக்கிறவர்கள் என்று அர்த்தம். அவர்களைக் குற்றவாளிகளாக நிறுத்தியவர்களும் அவர்களை அந்தப் பெயரால்தான் அழைத்தார்கள். அவர்கள் செய்த குற்றமும் அதுதான்.

கதை 1818-இல் தொடங்குகிறது. வேல்ஸ் தேசத்தின் ஒரு சிறிய கிராமத்துப் பள்ளியில் படித்த டேவிட் ஜோன்ஸ், தாமஸ் பெவன் என்ற இரண்டு வாலிபர்களை இலண்டன் மிஷனரி சங்கம் அனுப்பியது. இருவரும் இருபதுகளின் தொடக்கத்தில் இருந்தவர்கள், புதிதாகக் கலியாணமானவர்கள். அந்த ஆண்டு ஆகஸ்டில் தமத்தாவ் துறைமுகத்தில் இறங்கி இடத்தைப் பார்த்தார்கள். பிறகு மொரிஷியஸ் தீவில் விட்டுவந்த குடும்பங்களைக் கூட்டி வந்தார்கள். வந்தது மழைக்காலம், காய்ச்சலின் காலம். சில மாதங்களுக்குள் ஜோன்ஸின் மனைவியும் குழந்தையும் இறந்தார்கள். பெவன் இறந்தார், அவருடைய மனைவியும் குழந்தையும் இறந்தார்கள். ஆறு பேரில் மிஞ்சியது ஜோன்ஸ் ஒருவர் மட்டும், அவரும் நோயாளியாக.

இந்த இடத்தில் நாங்கள் வாசிப்பதைச் சற்று நிறுத்தினோம். இந்த ஆறு பேருக்காக வேல்ஸில் எத்தனை பேர் ஜெபித்திருப்பார்கள்! அவர்கள் கேட்டது இதுவல்லவே.

ஜோன்ஸ் ஊருக்குத் திரும்பிப் போயிருந்தால் யாரும் அவரைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் மொரிஷியஸில் உடல் தேறி, 1820-இல் மறுபடியும் மடகாஸ்கருக்குப் போனார். இந்த முறை கடற்கரையில் நிற்காமல் உள்நாட்டு மேட்டு நிலத்துக்கு ஏறி, தலைநகரான அந்தனானரிவோவுக்குப் போய்ச் சேர்ந்தார். மன்னர் முதலாம் ரடாமா அவரை வரவேற்றார். மன்னருக்கு வேண்டியது பள்ளிக்கூடமும் கைத்தொழிலும். சுவிசேஷத்தில் அவருக்குப் பெரிய ஆர்வம் இருக்கவில்லை. அடுத்த ஆண்டு டேவிட் கிரிஃபித்ஸ் வந்து சேர்ந்தார். பள்ளிகள் பெருகின. மலகாசி மொழியை எந்த எழுத்தில், எப்படி எழுதுவது என்பதையே அவர்கள் தீர்மானிக்க வேண்டியிருந்தது. மெய்யெழுத்துகளை ஆங்கிலத்தில் போலவும் உயிரெழுத்துகளை பிரெஞ்சில் போலவும் உச்சரிக்க வேண்டும் என்று மன்னரே ஒரு சமரசம் செய்தார். இன்றைக்கும் அந்த மொழி ஏறத்தாழ அப்படியேதான் எழுதப்படுகிறது.

1828-இல் ரடாமா இறந்தார். அவருடைய ராணி முதலாம் ரனவலோனா அரியணை ஏறினார். அவரைப் பற்றி ஐரோப்பியர் எழுதியவற்றில் அவர் ஒரு கொடிய அரக்கியாகவே வருகிறார். எங்களுக்கு அந்தச் சித்திரம் முழுவதும் நியாயமாகத் தெரியவில்லை. தன் தீவின்மேல் இங்கிலாந்தும் பிரான்சும் கண் வைத்திருப்பதை அவர் சரியாகவே கண்டார். அவர் இறந்து முப்பத்தைந்து ஆண்டுகளில் பிரான்ஸ் அந்த நாட்டைத் தன் குடியேற்ற நாடாக்கியது, கடைசி ராணியை நாடு கடத்தியது. முன்னோரையும் அரச தெய்வங்களையும் வணங்குவதில்தான் தன் அரசின் வேர் இருக்கிறது என்று ரனவலோனா நம்பினார். தன் குடிமக்களில் ஒரு கூட்டம் அந்த வேரை விட்டு வேறொரு ராஜாவைப் பற்றிப் பேசியபோது அவர் அஞ்சினார். அவர் செய்த கொடுமைகளுக்கு இது நியாயமாகாது. ஆனால் அந்த நாட்களில் ஜெபித்தவர்கள் யாருக்கு எதிரில் நின்று ஜெபித்தார்கள் என்பதை அறிய இது தெரிந்திருக்க வேண்டும்.

மிஷனரிமாரை உடனே அனுப்பிவிடாததற்கு ஒரு வேடிக்கையான காரணமும் சொல்லப்படுகிறது. அவர்களால் இனி என்ன பயன் என்று ராணியின் அதிகாரிகள் யோசித்த காலத்தில், இந்த நாட்டில் கிடைக்கும் பொருட்களைக் கொண்டு சவர்க்காரம் செய்ய முடியுமா என்று கேட்டு அனுப்பினார்கள். மிஷனரிமாரோடு வந்திருந்த கைவினைஞர் ஜேம்ஸ் கமரன், ஒரு வாரம் கழித்து வாருங்கள் என்றார். ஒரு வாரத்தில் சவர்க்காரக் கட்டிகள் தயாராக இருந்தன. சவர்க்காரமும் வேறு தொழில்களும் கற்றுக்கொடுக்கும்படி அவர்கள் தங்க அனுமதிக்கப்பட்டார்கள். அப்படிக் கிடைத்த சில ஆண்டுகளில்தான் வேதாகம மொழிபெயர்ப்பு முன்னேறியது. "என்னால் பிரசங்கம் பண்ணத் தெரியாது, நான் சபைக்கு எதற்கு?" என்று கேட்கிற தம்பிமாருக்கு கமரன் ஐயாவைப் பற்றித் தனியே ஒரு கட்டுரை எழுத வேண்டும்.

1831 மே மாதத்தில் முதல் மலகாசி விசுவாசிகள் ஞானஸ்நானம் பெற்றார்கள். அவர்களில் முன்பு குறி சொல்லிப் பிழைத்த ஒருவரும் இருந்தார். பவுல் என்ற பெயரை எடுத்துக்கொண்டார். ஆண்டைகளும் அடிமைகளும் ஒரே அப்பத்தில் பங்கு பெற்றார்கள். அரண்மனைக்கு மிகவும் சங்கடமாக இருந்தவற்றில் அதுவும் ஒன்று.

1835 மார்ச் 1 ஒரு ஞாயிற்றுக்கிழமை. தலைநகருக்குக் கீழே மஹமாசினா என்னும் வெளியில் பெரும் மக்கள் கூட்டம் வரவழைக்கப்பட்டது. படைவீரர்கள் சூழ நின்றார்கள். ராணியின் ஆணை வாசிக்கப்பட்டது: வெளிநாட்டவர் தங்கள் வழக்கப்படி வணங்கலாம், மலகாசிக் குடிமக்கள் அந்த ஜெபத்தைச் செய்யக் கூடாது. ஞானஸ்நானம் பெற்றவர்கள், ஜெபக்கூட்டங்களில் கலந்தவர்கள் எல்லோரும் குறித்த காலத்துக்குள் தாங்களே வந்து குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும், புத்தகங்களை ஒப்படைக்க வேண்டும். பலர் ஒப்புக்கொண்டார்கள். பதவியில் இருந்தவர்கள் பதவி இறக்கப்பட்டார்கள். ஒப்புக்கொண்டவர்களை இகழ எங்களுக்கு வாய் வரவில்லை. அந்த வெளியில் நாங்கள் நின்றிருந்தால் எந்தப் பக்கம் போயிருப்போம் என்று எங்களால் உறுதியாகச் சொல்ல முடியாது.

அந்த நாளில் வேதாகமம் இன்னும் முழுதாக அச்சாகவில்லை. பழைய ஏற்பாட்டின் கடைசிப் புத்தகங்கள் மிஞ்சியிருந்தன. உள்ளூர்த் தொழிலாளர்கள் அச்சகத்துக்குள் வரக் கூடாது என்றாகிவிட்டது. மிஷனரிமாரே எழுத்துக் கோத்தார்கள், அச்சு இயந்திரத்தை இழுத்தார்கள். 1835 நடுப்பகுதியில் வேலை முடிந்தது. வாசிக்கத் தடை செய்யப்பட்ட நாட்டில், வாசிக்கத் தடை செய்யப்பட்ட மக்களுக்காக, அந்த மொழியின் முதல் முழு வேதாகமம் வெளிவந்தது. சில பிரதிகள் இரகசியமாக விசுவாசிகளின் கைக்குப் போயின. ஏறத்தாழ எழுபது பிரதிகளை மண்ணில் புதைத்து வைத்துவிட்டு, 1836 ஜூலையில் கடைசி இரண்டு மிஷனரிமார் நாட்டை விட்டுப் புறப்பட்டார்கள்.

இனிப் போதகர் இல்லை. ஆலயம் இல்லை. திருவிருந்து கொடுக்க அபிஷேகம் பெற்றவர் இல்லை. ஞானஸ்நானம் பெற்றவர்கள் ஏறக்குறைய இருநூறு பேர், அவர்களிலும் பலர் பயந்து ஒதுங்கிவிட்டார்கள். இங்கிலாந்தில் சிலர் இந்தச் சபையின் கதை முடிந்தது என்றே நினைத்திருப்பார்கள்.

எங்கள் மனதில் மிக ஆழமாகப் பதிந்தது இதற்குப் பிறகு நடந்ததுதான். அவர்கள் ஜெபிப்பதை நிறுத்தவில்லை, ஜெபிக்கும் இடத்தையும் நேரத்தையும் மாற்றினார்கள். சனிக்கிழமை இருட்டிய பிறகு ஒருவர் ஒருவராக வீட்டை விட்டுப் புறப்பட்டு, பல மைல் நடந்து ஒரு மலை உச்சியில் கூடுவார்கள். உச்சியை எடுத்ததற்குக் காரணம், யார் ஏறி வந்தாலும் தூரத்திலேயே தெரியும். குகைகளில் கூடினார்கள், காட்டில் கூடினார்கள், நெல் சேமிக்கத் தரைக்குள் தோண்டிய குழிகளில் ஒளிந்தார்கள். வீட்டில் கூடினால் வெளியே கேட்காதபடி மிகத் தாழ்ந்த குரலில் பாடினார்கள். ஒரு வேதாகமத்தைப் பல பங்காகப் பிரித்துக் கையிலிருந்து கைக்கு மாற்றினார்கள். கிழிந்த பக்கங்களுக்கு ஒட்டுப்போட்டு, அழிந்த எழுத்துகளைப் பேனாவால் எழுதி நிரப்பினார்கள். பல ஆண்டுகளுக்குப் பிறகு அங்கே போன வில்லியம் எல்லிஸ் இப்படி ஒட்டுப்போட்ட பிரதிகளைக் கண்ணால் கண்டு எழுதியிருக்கிறார்.

வொனிசொங்கோ என்ற வடமேற்குப் பகுதியில் ஃபிஹாஓனானா என்று ஒரு கிராமம். அங்குள்ள விசுவாசிகள் தங்கள் வேதாகமத்தை ஒரு குகையில் ஒளித்து வைத்திருந்தார்கள். அது சாதாரணக் குகை அல்ல, பெரியம்மை கண்டவர்களைக் கொண்டுபோய் வைக்கிற இடம். ராணியின் ஆட்கள் கிராமத்தைச் சோதித்தார்கள். குகை வரைக்கும் வந்தார்கள். உள்ளே யார் கிடக்கிறார்கள் என்று தெரிந்ததும் பின்வாங்கிப் போய்விட்டார்கள். புத்தகம் தப்பியது.

எங்கள் பெற்றோரில் சிலர் பதுங்குகுழிக்குள் இருந்து ஜெபித்தவர்கள். ஒரு குப்பி விளக்கும் ஒரு கிழிந்த பாட்டுப் புத்தகமும் வைத்துக்கொண்டு, மேலே விமானச் சத்தம் கேட்டபடி ஜெபித்த கதைகளை நாங்கள் சாப்பாட்டு மேசையில் கேட்டு வளர்ந்தோம். அதனால் நெற்குழி என்று வாசித்தபோது அது எங்களுக்குத் தூரத்து விஷயமாகத் தெரியவில்லை.

முதல் இரத்த சாட்சி ஒரு பெண். அவருடைய பெயர் ரசலாமா. 1837-இல் பிடிபட்டார். ஒரு குற்றமும் செய்யாதவர்களை இப்படிப் பிடிக்கிறார்களே என்று ஆச்சரியப்பட்டு அவர் பேசியது அதிகாரியின் காதுக்குப் போனது. அவரை அடித்தார்கள். கை, கால், கழுத்து எல்லாவற்றையும் சேர்த்து உடலை வளைத்து இறுக்கும் இரும்பு விலங்கு பூட்டி ஓர் இரவு முழுவதும் வைத்தார்கள். அடுத்த நாள் ஆகஸ்டு 14. மலையின் தெற்கு முனையில் உள்ள அம்போஹிபோட்சிக்கு அழைத்துப் போனார்கள். வழி முழுவதும் அவர் பாடிக்கொண்டே போனார் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். தான் வசனம் கேட்ட அம்பதோநகங்கா ஆலயத்தைக் கடந்தபோது, இங்கேதான் இரட்சகரைப் பற்றிக் கேட்டேன் என்று சொன்னாராம். கொலைக்களத்தில் ஜெபிக்கக் கொஞ்சம் நேரம் கேட்டார். கொடுத்தார்கள். அவர் முழங்காலில் இருந்தபோதே ஈட்டிகளால் குத்தினார்கள்.

கூட்டத்தில் ரஃபராலாஹி என்ற ஒரு வாலிபர் நின்றார். தன்னையும் பிடிப்பார்களோ என்ற பயம் இருக்க வேண்டிய இடத்தில், ரசலாமாவோடு கூடவே கடைசி வரை போயிருந்தார். இப்படிச் சமாதானமாக மரிக்க முடியுமானால் நானும் ஆயத்தம் என்று அவர் சொன்னதாகப் பதிவாகியிருக்கிறது. தன் வீட்டை ஜெபக்கூட்டத்துக்குத் திறந்து வைத்தவர் அவர். அடுத்த ஆண்டே, முன்பு விசுவாசியாக இருந்த ஒருவர் அவரைக் காட்டிக்கொடுத்தார். கூட ஜெபித்தவர்களின் பெயரைச் சொல்லும்படி விலங்கிட்டு வைத்தார்கள். சொல்லவில்லை. ரசலாமா மரித்த அதே இடத்தில் அவரும் ஜெபிக்க நேரம் கேட்டார்.

ரஃபராவாவி என்ற உயர்குடிப் பெண்ணின் கதை வேறு விதம். அவரைத் தம் வீட்டு அடிமைகளே காட்டிக்கொடுத்தார்கள். அவருக்கும் மரண தண்டனை குறித்தாகிவிட்டது. அந்த இரவில் தலைநகரில் பெருந்தீ பிடித்தது. ஊரே கலங்கிப்போனதில் தண்டனை தள்ளிப் போனது. பிறகு அவரை அடிமையாக விற்றார்கள். அங்கிருந்து தப்பி, மறைந்து மறைந்து கடற்கரையை அடைந்து, கப்பலேறி மொரிஷியஸ் போய், 1839-இல் இங்கிலாந்து சேர்ந்தார். அவரும் அவருடைய கூட்டாளிகளும் சொல்லித்தான் ரசலாமாவின் கதை உலகத்துக்குத் தெரிந்தது.

ரசலாமாவும் ஜெபித்தார், ரஃபராவாவியும் ஜெபித்தார். ஒருவருக்கு ஈட்டி, இன்னொருவருக்குத் தப்பிப் போக வழி. யாருடைய விசுவாசம் பெரியது என்று அளந்து பார்க்க எங்களுக்குத் துணிவில்லை. எபிரெயருக்கு எழுதின நிருபத்தின் பதினோராம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். பட்டயக் கருக்குக்குத் தப்பினவர்களும் பட்டயத்தினால் மடிந்தவர்களும் அங்கே ஒரே பட்டியலில்தான் இருக்கிறார்கள். இவ்வளவு நாள் நாங்கள் அந்த அதிகாரத்தின் முதல் பாதியை மட்டும் மனப்பாடம் செய்திருந்தோம் என்று அப்போதுதான் கண்டோம்.

துன்பம் ஒரே சீராக இருக்கவில்லை. சில ஆண்டுகள் அடங்கும், பிறகு எழும்பும். 1840-இல் கடற்கரைக்குத் தப்பிப் போன ஒரு குழு பிடிபட்டு, ஒன்பது பேர் கொல்லப்பட்டார்கள். சந்தேகப்பட்டவர்களுக்குத் "தங்கேனா" சோதனையும் கொடுக்கப்பட்டது. ஒரு நச்சுக் கொட்டையைச் சுரண்டிக் குடிக்கக் கொடுத்து, கூடவே கோழித்தோலில் மூன்று துண்டுகளை விழுங்கச் சொல்வார்கள். மூன்றும் வாந்தியில் வெளியே வந்தால் குற்றமற்றவர், வராவிட்டால் குற்றவாளி. கிறிஸ்தவர்கள் மட்டும் அல்ல, நாட்டில் எண்ணற்றவர்கள் இந்தச் சோதனையில் இறந்தார்கள்.

மிகக் கடுமையான ஆண்டு 1849. ஏறத்தாழ 1,900 பேர் தண்டிக்கப்பட்டார்கள். பெரும்பாலோருக்கு அபராதம், சிலருக்கு அடிமைத்தனம், சிலருக்குக் கசையடி, பதினெட்டுப் பேருக்கு மரணம். அவர்களில் நான்கு பேர் உயர்குலத்தார். உயர்குலத்தாரின் இரத்தத்தைச் சிந்தக் கூடாது என்பது வழக்கம், ஆகவே ஃபராவோஹித்ராவில் அவர்களை உயிரோடு எரித்தார்கள். அவர்களில் ஒரு கணவனும் மனைவியும் இருந்தார்கள். மனைவி நிறைகர்ப்பிணி. இதற்கு மேல் எழுத எங்களுக்கு மனம் வரவில்லை. அவர்கள் பாடினார்கள், தங்களைக் கொல்கிறவர்களுக்காக ஜெபித்தார்கள், அந்நேரம் மழை பெய்து நெருப்பு மீண்டும் மீண்டும் அணைந்தது என்று பார்த்தவர்கள் சொல்லிவைத்தார்கள்.

மற்றப் பதினான்கு பேரை அம்பமரினானா என்ற செங்குத்தான பாறைக்குக் கொண்டுபோனார்கள். "தள்ளிவிடுகிற இடம்" என்பது அதன் அர்த்தம். பாய்களில் சுற்றிக் கொண்டுவந்து, ஒவ்வொருவராகக் கயிற்றில் கட்டி விளிம்பில் தொங்கவிட்டுக் கேட்டார்கள்: ஜெபிப்பதை விட்டுவிடுகிறாயா? இல்லை என்றால் கயிற்றை வெட்டினார்கள். ரனிவோ என்ற ஓர் இளம் பெண்ணை மட்டும் காப்பாற்ற ராணி விரும்பினார் என்று சொல்வார்கள். மற்றவர்கள் விழுவதைப் பார்க்கும்படி அவளை விளிம்பில் நிறுத்தினார்கள். பார்த்தாள். பயந்து மறுதலிப்பாள் என்று நினைத்தவர்களிடம், என்னையும் தள்ளுங்கள் என்றாள். அதிகாரி அவளுடைய கன்னத்தில் அறைந்து, இவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது, கொண்டுபோங்கள் என்றார். அவள் பிழைத்தாள்.

1857-இல் மறுபடியும். ராணியை அகற்றச் சில ஐரோப்பியர் செய்த சதி வெளிப்பட்டது. சதி செய்த வெளிநாட்டவர் நாட்டை விட்டு அனுப்பப்பட்டார்கள். அதில் கை இல்லாத ஏழை விசுவாசிகள்மேல் கோபம் இறங்கியது. ஃபியதனானா என்ற இடத்தில் பலர் கல்லெறிந்து கொல்லப்பட்டார்கள். ஃபியதனானா என்றால் சமாதானம். இன்னும் பலரைக் கழுத்திலும் காலிலும் பாரமான சங்கிலி பூட்டி, ஒருவரோடு ஒருவர் பிணைத்து, தூரப் பகுதிகளுக்கு அனுப்பினார்கள். ஒருவர் இறந்தால் அவருடைய சங்கிலியின் பாரத்தையும் மிஞ்சியவர்கள் சுமக்க வேண்டும்.

இதற்குள் இருபத்திரண்டு ஆண்டுகள் போய்விட்டன. 1835-இல் பத்து வயதாக இருந்தவருக்கு இப்போது முப்பத்திரண்டு. அவருடைய பிள்ளைகள் பகலில் ஒரு ஜெபக்கூட்டத்தையும் கண்டதில்லை. வெளிச்சத்தில் பாடுவது எப்படி இருக்கும் என்று அவர்களுக்குத் தெரியாது. நாங்கள் இரண்டு வருடம் என்று கேட்ட கேள்வியை அந்தப் பிள்ளைகளும் கேட்டிருப்பார்கள். அவர்களுக்குப் பெற்றோர் என்ன பதில் சொன்னார்கள் என்று எந்தப் புத்தகத்திலும் நாங்கள் காணவில்லை. ஆனால் அடுத்த சனிக்கிழமை இரவும் அவர்களைக் கூட்டிக்கொண்டு மலை ஏறினார்கள் என்பது மட்டும் தெரிகிறது.

1861 ஆகஸ்டில் ராணி இறந்தார். அவருடைய மகன் இரண்டாம் ரடாமா அரசரானார். வாலிபத்திலேயே கிறிஸ்தவர்கள்மேல் இரக்கம் காட்டி, தன்னால் முடிந்தவர்களை மறைத்துக் காத்தவர் அவர். உடனே மதச் சுதந்திரம் அறிவித்தார், சங்கிலியில் இருந்தவர்களை விடுவித்தார். இறந்துவிட்டார்கள் என்று குடும்பத்தார் நினைத்திருந்தவர்கள் காட்டிலிருந்தும் தூர இடங்களிலிருந்தும் திரும்பி வந்தார்கள். சிலர் தழும்புகளோடு, சிலர் நடக்கவே முடியாமல். மண்ணிலிருந்தும் குகைகளிலிருந்தும் புத்தகங்கள் வெளியே வந்தன.

அடுத்த ஆண்டு வில்லியம் எல்லிஸ் ஊழியத்துக்காக வந்தார். மிஷனரிமார் போனபோது இருநூறாக இருந்த சபை இப்போது ஆயிரக்கணக்கில் இருந்தது. 5,000-க்கு மேல் என்றும் 7,000 வரை என்றும் கணக்குச் சொல்கிறார்கள். இருபத்தைந்து ஆண்டுகள் ஒரு போதகரும் வெளியிலிருந்து அனுப்பப்படாமல், ஒரு நாணயமும் வெளிப்படையாகச் சேர்க்கப்படாமல், அது வளர்ந்திருந்தது.

வெற்றிக் கதை என்று இதை முடித்துவிட முடியாது. 1869-இல் இரண்டாம் ரனவலோனா ராணியும் பிரதம மந்திரியும் ஞானஸ்நானம் பெற்றார்கள். அதே ஆண்டு அரச தெய்வங்கள் தீயில் இடப்பட்டன. நேற்று வரை ஜெபித்ததற்காக மக்களை எரித்த அரண்மனை, இன்று ஜெபம் செய்யும்படி மக்களை ஊக்கப்படுத்தியது. ஞாயிற்றுக்கிழமை ஆலயங்கள் நிரம்பி வழிந்தன. ராணி போகிறார் என்பதற்காகப் போனவர்கள் எத்தனை பேரோ! இருட்டில் மலை ஏறிய வயதானவர்கள் அந்த நிரம்பிய ஆலயங்களில் உட்கார்ந்து என்ன நினைத்தார்கள் என்று எங்களுக்குள் ஒரு பெரிய விவாதமே நடந்தது. ஒரு அக்கா, அவர்கள் சந்தோஷப்பட்டிருப்பார்கள் என்றார். ஒரு தம்பி, கொஞ்சம் கவலையும் பட்டிருப்பார்கள் என்றான். இரண்டும் உண்மையாக இருக்கலாம்.

இரத்த சாட்சிகள் மரித்த இடங்களில் நினைவு ஆலயங்கள் கட்டப்பட்டன. ரசலாமா கடந்து போன அம்பதோநகங்காவில் கல்லால் கட்டிய ஆலயம் 1867-இல் திறக்கப்பட்டது. அவர் மரித்த அம்போஹிபோட்சியிலும், பதினான்கு பேர் தள்ளப்பட்ட பாறையின் மேலும், நால்வர் எரிந்த ஃபராவோஹித்ராவிலும் ஆலயங்கள் எழுந்தன. ஃபராவோஹித்ரா ஆலயத்துக்கான பணத்தைச் சேர்த்தவர்கள் இங்கிலாந்தின் ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகள். இந்த நான்கு ஆலயங்களும் இன்றும் அந்தனானரிவோவின் மலைகளில் நிற்கின்றன. ஞாயிறுதோறும் அங்கே உரத்த குரலில் பாடுகிறார்கள்.

இந்தக் கட்டுரையை எழுதுவதற்கு முன் அதை அந்த நால்வர் கூடும் புதன்கிழமைக் கூட்டத்தில் வாசித்துப் பார்த்தோம். அன்றைக்கு ஏழு பேர் வந்திருந்தார்கள். கேள்வி கேட்டவரும் வந்திருந்தார். வாசித்து முடிந்ததும் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு அவர், "ரனிவோ அதற்குப் பிறகு எத்தனை வருடம் இருந்தாள்?" என்று கேட்டார். எங்களுக்குத் தெரியவில்லை. அதைத் தேடிப் பார்க்கச் சொல்லிவிட்டு, பழைய ஜெபக் குறிப்புக் கொப்பியை எடுத்து, இரண்டு வருடமாக முதல் வரியில் இருக்கிற அதே காரியத்துக்காக அவரே ஜெபிக்கத் தொடங்கினார்.